சிப்பாயின் படமும் நம் அவசரமும்

சீருடை அணிந்த பாட்டனாரின் பழைய புகைப்படத்தை வெளியிட்டு, ‘இவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று யாரேனும் சொல்ல இயலுமா?’ எனக் கேட்கும் பதிவுகள் சில ஆண்டுகளாகப் பெருகி வருகின்றன. பஞ்சாபிலிருந்தும் கட்வாலிலிருந்தும் கொங்கணத்திலிருந்தும் பழைய வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் இவை வருகின்றன. ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஊரார் அழைத்த வீடுகளின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர், அந்தப் பட்டாளம் எது என்று இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். காலனிய இந்தியப் படையின் சமூக வரலாற்றைப் பயிலும் எவரும் மகிழ வேண்டிய செய்தி இது.

அக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைப் பார்க்கும்போது அந்த மகிழ்ச்சி நிலைப்பதில்லை. பத்து நிமிடங்களுக்குள் நான்கைந்து பேர் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். அகன்ற விளிம்புத் தொப்பி இருந்தால் கூர்க்கா. தாடியும் தலைப்பாகையும் இருந்தால் சீக்கியப் படை. படத்திலிருப்பவர் தமிழர் என்றால் மதராஸ் ரெஜிமென்ட். குடும்பத்தினர் அதை நம்பிப் படத்துக்கு அடியில் எழுதிவைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அது உள்ளூர் நினைவு மலரிலும், பின்னர் ஒரு ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலும் இடம்பெற்றுவிடுகிறது. இத்தகைய பிழைகள் தீங்கற்றவை என்ற எண்ணத்தை மறுப்பதே இப்பதிவின் நோக்கம். தவறாகச் சூட்டப்படும் படைப்பிரிவு ஒரு மனிதரின் போரையே மாற்றிவிடுகிறது. மேலும், இப்பிழைகள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறுவதில்லை. அவை எப்போதும் புகழ்பெற்ற, இன்றும் உயிரோடுள்ள படைப்பிரிவுகளின் பக்கமே சாய்கின்றன. கலைக்கப்பட்ட படைகளைச் சேர்ந்தவர்களே அதனால் மறைந்துபோகிறார்கள்.

படைப்பிரிவின் பெயர் ஏன் இத்தனை முதன்மையானது? காலனிய இந்தியப் படையில் ஒரு சிப்பாயின் ஆள்சேர்ப்பு, ஊதியம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவை படைப்பிரிவின் வழியாகவே நடந்தன. அவரைப் பற்றிய தாள்களும் அவ்வாறே சேர்ந்தன. பெயரை மட்டும் கொண்டு தேடுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ராம் சிங், முகம்மது கான், முனுசாமி என்ற பெயர்கள் எத்தனை நூறு பேருக்கு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். முதல் உலகப் போரில் மட்டும் போரிடாத பணியாளர்களையும் சேர்த்து 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினர்; இரண்டாம் உலகப் போரில் அந்த எண்ணிக்கை சுமார் 25 லட்சம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள போர் நாட்குறிப்புகள் படைப்பிரிவு வாரியாக, பட்டாலியன் வாரியாக அடுக்கப்பட்டவை. அவற்றில் ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் தாராளமாக வரும். சாதாரணச் சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும். ஆகவே ஒரு குறிப்பிட்ட நாளில் அந்தச் சிப்பாய் எங்கே நின்றிருக்கக்கூடும் என்று அறிய, அவருடைய பிரிவை அறிவதே நமக்குள்ள வழி.

1914-ஆம் ஆண்டின் சில வாரங்களை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 31 அன்று 129-ஆம் பலூச்சிகள் பெல்ஜியத்தின் ஹோலெபெக்கில் போரிட்டுக்கொண்டிருந்தனர். இந்தியர்களில் முதன்முதலாக விக்டோரியா கிராஸ் விருதுக்குரியவரான குதாதாத் கான் அந்தப் படைப்பிரிவினர்தான். நவம்பர் முதல் வாரத்தில் 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கியது. அதே வாரத்தில் மற்றொரு இந்தியப் படையணி பாரசீக வளைகுடாவின் முனையிலுள்ள ஃபாவோவில் இறங்கி மெசபடோமியப் போரைத் தொடங்கியது. மூன்று கண்டங்கள், மூன்று விதமான சாவுகள். தோளிலுள்ள எண்ணை ஒருவர் தவறாகப் படித்தால், டாங்காவின் அலையாத்திக் காட்டில் நின்றவரைப் பெல்ஜியத்தின் சேற்றில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

எண்ணைச் சரியாகப் படித்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. படத்திலுள்ள தோள்பட்டைப் பித்தளையில் ‘10’ என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது எனக் கொள்வோம். 1903-க்கு முற்பட்ட காலத்தில் வங்கம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணப் படைகளும் தத்தமக்கெனத் தனி எண்வரிசை வைத்திருந்தன. 10 என்ற எண் மூன்றிலும் உண்டு. 1903-இல் கிச்சனர் காலச் சீரமைப்பு இவ்வரிசைகளை ஒன்றாக்கியது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகளின் எண்ணோடு 60-ஐயும், பம்பாய்ப் பிரிவுகளின் எண்ணோடு 100-ஐயும் கூட்டினார்கள். இதன்பின் 10 என்பது காலாட்படையில் 10-ஆம் ஜாட்டுகளையும், குதிரைப்படையில் ஹாட்சன் குதிரைப்படை எனப்பட்ட 10-ஆம் லான்சர்களையும், கூர்க்கா வரிசையில் 10-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸையும் குறிக்கலாம். 1922-இல் மீண்டும் சீரமைப்பு வந்தது. தனித்தனிப் பட்டாலியன்களாக இருந்தவை பெரிய படைப்பிரிவுகளுக்குள் தொகுக்கப்பட்டன. அதற்குப் பின் 10 என்றால் 10-ஆம் பலூச் படைப்பிரிவாகவோ, குதிரைப்படையில் கைட்ஸ் பிரிவாகவோ, முன்போலவே கூர்க்காவாகவோ இருக்கலாம். போதாக்குறைக்கு, பெரிய படைப்பிரிவுகளின் பயிற்சிப் பட்டாலியனுக்கும் 10 என்ற எண்ணையே தந்தார்கள்.

ஆகவே படத்தின் காலத்தைத் தீர்மானிக்காமல் எண்ணைப் படைப்பிரிவாக மொழிபெயர்க்கக் கூடாது. 6-ஆம் பஞ்சாப் காலாட்படை 1903-இல் 59-ஆம் சிந்து ரைஃபிள்ஸ் ஆயிற்று. 1922-இல் 13-ஆம் எல்லைப்புறப் படை ரைஃபிள்ஸின் ஆறாவது பட்டாலியன் ஆயிற்று. ஒரே குடும்பத்தில் பாட்டன், மகன், பேரன் மூவரும் ஒரே பட்டாலியனில் இருந்து, மூன்று வெவ்வேறு எண்களை அணிந்திருக்கக்கூடும். இதை அறியாத ஒருவர் மூன்று படங்களையும் பார்த்து மூன்று படைப்பிரிவுகளைச் சொல்வார்.

பெயர்களும் எண்களைப் போலவே வழுக்குபவை. 67-ஆம் பஞ்சாபிகள் என்ற பிரிவு 1903-க்கு முன் 7-ஆம் சென்னைக் காலாட்படை. 19-ஆம் ஹைதராபாத் படைப்பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் குமாவுனியரும் ஜாட்டுகளும் ஆகிர்களும்தான். நிஜாமின் பெயரால் எழுந்த பழைய படையணியின் எச்சமாகவே அப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 1945-இல் அதற்குக் குமாவுன் படைப்பிரிவு என்று பெயர் மாற்றினார்கள். பலூச் படைப்பிரிவில் பலூச்சி மக்கள் அரிதாகவே இருந்தனர். பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியரும் டோக்ராக்களும் அதில் பணியாற்றினர். ‘எங்கள் தாத்தா இமாசலத்துக்காரர், இந்து, அவர் எப்படிப் பலூச் ரெஜிமென்ட்டில் இருந்திருக்க முடியும்?’ என்று கேட்டு, ஓய்வூதியத் தாளில் எழுதியிருப்பதையே ஐயுறும் பேரப்பிள்ளைகள் உண்டு. தாள் சொல்வது சரியே. பெயரிலிருந்து மக்களை ஊகிக்கும் நம் பழக்கமே பிழை.

இனித் தலையைப் பார்ப்போம். இணையத்தில் மிக விரைவாகத் தீர்ப்பு வழங்கப்படுவது தலையணியைக் கொண்டுதான். இந்தியப் படைப்பிரிவுகள் பலவும் இன, சமய வாரியான கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே பட்டாலியனில் சீக்கியர் கம்பெனி ஒருவகையாகத் தலைப்பாகை கட்டும்; பஞ்சாபி முஸ்லிம் கம்பெனி கூம்புக் குல்லாவின் மேல் வேறுவகையாகச் சுற்றும்; டோக்ராக்கள் இன்னொரு வகை. எனவே தலைப்பாகை ஒருவரின் கம்பெனியைப் பற்றி ஓரளவு சொல்லும்; படைப்பிரிவைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். சீக்கியத் தலைப்பாகை அணிந்தவர்கள் சீக்கியப் படைப்பிரிவில் மட்டும் இருந்ததில்லை. பஞ்சாப் படைப்பிரிவுகள், எல்லைப்புறப் படைகள், பீரங்கிப் படை, போக்குவரத்துப் பிரிவு என எங்கும் இருந்தார்கள். அகன்ற விளிம்புத் தொப்பியும் அப்படியே. கூர்க்காக்கள் அணிந்த அதே தொப்பியைக் கட்வால் ரைஃபிள்ஸ் வீரர்களும் அணிந்தனர். பர்மாப் போர்முனையில் பல்வேறு பிரிவினரும் அத்தகைய தொப்பியை அணிந்திருப்பதை 1944, 1945-ஆம் ஆண்டுப் படங்களில் காணலாம்.

கைகளிலும் மார்பிலும் உள்ளவை இவற்றினும் நம்பகமானவை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. மேற்கையிலுள்ள வளைபட்டைகள் பதவியைச் சொல்லும்: ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இடக்கையின் கீழ்ப்பகுதியில் மேல்நோக்கியுள்ள பட்டை நன்னடத்தைக்கானது; அதைப் பதவிப் பட்டையாக எண்ணிச் சிப்பாயை நாயக்காக உயர்த்திவிடுவோர் பலர். மார்புக்குக் குறுக்கே செல்லும் தோல் தோட்டாவாரைக் கண்டதும் குதிரைப்படை என்று சொல்லிவிடக் கூடாது. காலாட்படையினருக்கும் அது வழங்கப்பட்டிருந்தது. தோளில் சங்கிலிக் கண்ணிகளாலான பட்டையும் காலில் குதிமுள்ளும் சேர்ந்து தெரிந்தால் குதிரைப்படை என்ற எண்ணம் வலுப்பெறும். இரண்டாம் போர்க்காலப் படங்களில் கையின் மேற்பகுதியில் துணிச் சின்னம் இருக்கும். சிவப்புக் கழுகு 4-ஆம் இந்திய டிவிஷனுக்கும், கறுப்புப் பூனை 17-ஆம் இந்திய டிவிஷனுக்கும் உரியவை. ஒரு டிவிஷனில் பல படைப்பிரிவுகளின் பட்டாலியன்களும், பொறியாளர், மருத்துவர், ஓட்டுநர், சமையலர் என எல்லாரும் இருந்தனர். கழுகைக் கண்டவுடன் வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போர்முனையை ஊகிப்பது நியாயம். படைப்பிரிவை ஊகிப்பது நியாயமில்லை.

பதக்கம் வீட்டிலேயே இருக்குமானால் படத்தைவிட அதையே முதலில் பாருங்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலும் வெற்றிப் பதக்கத்தின் விளிம்பிலும், 1914-15 நட்சத்திரத்தின் பின்புறத்திலும் பெறுநரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. பட்டுத்துணியில் பொதிந்து பெட்டியில் கிடக்கும் ஒரு வட்டத் தகட்டின் விளிம்பு, ஆயிரம் பேரின் ஊகங்களை ஒரே கணத்தில் முடித்துவைக்கும். அப்பதக்கம் வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்தில் இருந்தால் அதுவும் ஒரு செய்தி. தொழிற்படை போன்ற போரிடாத பிரிவினருக்கு வெண்கலத்தில் வழங்கினார்கள். ஒரே போர், ஒரே கடல், ஒரே குளிர். உலோகம் மட்டும் வேறு.

இங்கே ஒரு புதிய ஆபத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். பழைய படங்களை வண்ணமேற்றியும் ‘தெளிவாக்கியும்’ தரும் செயலிகள் இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. குடும்பத்தின் கண்ணுக்கு அவை இனிமையாக இருக்கலாம். சான்று என்ற வகையில் அவை நஞ்சு. மங்கலான தோள்சின்னம் ஒன்றைச் செயலி ‘தெளிவாக்கும்’போது, அங்கே இருந்ததை மீட்டுத் தருவதில்லை, தான் முன்பு கண்ட ஆயிரக்கணக்கான படங்களின் அடிப்படையில் அங்கே இருக்கக்கூடியதை வரைகிறது. வண்ணத்தின் நிலை இன்னும் மோசம். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஒளிப்படத் தகடுகளும் சுருள்களும் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணராதவை. ஆதலால் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதிவாகும். செந்நிற மேலங்கியும் இளநீலக் கழுத்துப்பட்டையும் படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் தோன்றும். பதக்க நாடாக்களின் பட்டைகளையும் இந்த விதியை மனத்திற்கொண்டே படிக்க வேண்டும். இதை அறியாத செயலி, கறுப்பாகத் தெரியும் தலைப்பாகைக்குப் பச்சையோ நீலமோ பூசித்தருகிறது. அந்தப் பச்சையைப் பார்த்து இன்னொருவர் படைப்பிரிவைச் சொல்கிறார். எந்த மாணவரிடமும் நான் கேட்பது ஒன்றே: மூலப்படத்தை, அதன் நான்கு விளிம்புகளும் தெரிய, முன்னும் பின்னும் உயர்ந்த துல்லியத்தில் நகலெடுத்துத் தொடாமல் வையுங்கள். அலங்கரித்த பிரதியைச் சான்றாக யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படத்தின் பின்புறத்தைச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரை அங்கே இருக்கலாம். சில அட்டைகளில் அது மையில்லாமல் அழுத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து விளக்கொளியைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்துகள் எழுந்து வரும். பெங்களூர், ஜபல்பூர், மோ, மீரட், ராவல்பிண்டி என எந்தப் படைநகரின் பெயர் கிடைத்தாலும், குறிப்பிட்ட ஆண்டுகளில் அங்கே தங்கியிருந்த பிரிவுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு வட்டத்தைச் சுருக்கலாம். அஞ்சலட்டையாக அச்சிட்ட படமென்றால், செய்திக்கும் முகவரிக்கும் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் அம்முறை 1902-இல்தான் தொடங்கியது. படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். பதக்கங்கள் இடமார்பில் அணியப்படுபவை. அவை வலப்புறம் தெரிந்தால், ஒன்று படம் புரண்டிருக்கிறது, அல்லது அவற்றை அணிந்தவர் பெற்றவரல்லர், பெற்றவரின் உறவினர்.

அடுத்துச் சொல்லப்போவதே என் வாதத்தின் மையம். எந்தச் சின்னமும் இல்லாத படங்கள் நிறைய வருகின்றன. சாதாரணக் காக்கிச் சட்டை, காலில் சுற்றிய பட்டி, ஒரு துணித்தொப்பி; தோளில் எதுவுமில்லை. ‘சின்னம் கழன்று விழுந்திருக்கும்’ என்று ஆறுதல் கூறிவிட்டு, ஊரையும் சாதியையும் கொண்டு ஒரு புகழ்பெற்ற படைப்பிரிவைச் சூட்டுவதே வழக்கம். அவர் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். போரிடாத பணியாளராகவும் இருக்கலாம் என்பதை ஏன் எண்ண மறுக்கிறோம்? முதல் உலகப் போரில் இந்தியா அனுப்பியவர்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போரிடாத பணியாளர்கள். கோவேறு கழுதை ஓட்டியவர், தூளி சுமந்தவர், தண்ணீர் எடுத்தவர், துப்புரவு செய்தவர், இருப்புப்பாதை போட்டவர். பிரான்சுக்குச் சென்ற இந்தியத் தொழிற்படையினர் சுமார் 50,000 பேர். வரலாற்றாய்வாளர் ராதிகா சிங்ஹா இவர்களைப் பற்றித் தனிநூலே எழுதியிருக்கிறார். ‘சிப்பாய்’ என்று குடும்பம் நினைவில் வைத்திருக்கும் பலர் இவர்களே. அவர்களை வீரப் படைப்பிரிவு ஒன்றில் சேர்த்துவிடுவது மரியாதையாகத் தோன்றலாம். உண்மையில் அது அவர்கள் செய்த வேலை மரியாதைக்குரியதல்ல என்று ஒப்புக்கொள்வதாகும்.

கலைக்கப்பட்ட படைப்பிரிவுகளின் நிலையும் இத்தகையதே. 1880-களிலிருந்து ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாடு வலுப்பெற, தென்னிந்தியரையும் ‘தீண்டத்தகாதோர்’ எனப்பட்டோரையும் படையிலிருந்து விலக்கும் போக்கு வளர்ந்தது. 1890-களில் மகர்களுக்குப் படைக்கதவு மூடப்பட்டது. 1917-இல் ஆள் தேவைப்பட்டபோது 111-ஆம் மகர்கள் என்ற பிரிவை உருவாக்கினார்கள். போர் முடிந்தபின் 1921-க்குள் அது இல்லாமல் போயிற்று. 1922-இல் தொகுக்கப்பட்ட 3-ஆம் மதராஸ் படைப்பிரிவை 1920-களின் இறுதிக்குள் முற்றாகக் கலைத்தார்கள். பறையர்களும் கிறித்தவர்களும் கணிசமாகப் பணியாற்றிய சென்னை பயனியர் பிரிவுகளும், மஸபி சீக்கியர்களின் பயனியர் பிரிவுகளும் 1930-களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டன. 1943-இல் உருவான சமார் படைப்பிரிவு 1946-இல் மறைந்தது. மகர், மதராஸ் முதலிய பெயர்கள் இரண்டாம் உலகப் போரில் மீண்டும் எழுந்தன என்பது உண்மை. இடையில் அறுந்த நினைவு மீண்டும் ஒட்டவில்லை.

உயிரோடுள்ள படைப்பிரிவுக்கு ஒரு மையம் உண்டு. அருங்காட்சியகமும் வெள்ளிப் பாத்திரங்களும் அச்சிட்ட வரலாறும் ஆண்டுவிழாவும் உண்டு. ‘தம்பிகள்’ என்று இன்றும் படைத்துறையில் அழைக்கப்படும் சென்னைப் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரில் மையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம். பயனியர் ஒருவரின் பேத்தி எங்கே போய்க் கேட்பாள்? பயனியர்களும் பொறியாளர்களைப் போலவே பாதை அமைத்தவர்கள், பாலம் கட்டியவர்கள். ஆகவே அவளுடைய பாட்டனின் படத்தைப் பார்ப்பவர்கள் எளிதாகச் ‘சாப்பர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் மகிழ்ந்து போகிறாள். ஒரு படைப்பிரிவு இரண்டாம் முறையாகக் கலைக்கப்படுகிறது.

இப்பிழையின் சமூகப் பொருளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அம்பேத்கர் 1891-இல் பிறந்தது மோ படைநகரில். அவருடைய தந்தை ராம்ஜி சுபேதார் பதவி வகித்தவர். படைப்பணி தந்த எழுத்தறிவும் ஓய்வூதியமும் தன்மதிப்பும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் அடுத்த தலைமுறையை எப்படி மாற்றின என்ற கேள்வி நம் சமூக வரலாற்றின் பெரிய கேள்விகளுள் ஒன்று. அதற்கான சான்றுகள் அரசு ஆவணங்களில் இருப்பதைப் போலவே குடிசைச் சுவர்களில் தொங்கும் படங்களிலும் இருக்கின்றன. அப்படங்களுக்குப் பிழையான பெயரிட்டால் அச்சான்றை நாமே அழிக்கிறோம்.

நினைவுச்சின்னங்கள் இப்பணியைச் செய்துவிட்டன என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 1931-இல் திறக்கப்பட்ட தில்லி இந்தியா கேட் 70,000-க்கும் மேற்பட்டோரின் நினைவாக எழுந்தது. அதில் பொறித்த பெயர்கள் 13,000-ஐச் சற்றே தாண்டும். மெசபடோமியாவில் இறந்தோருக்கான பஸ்ரா நினைவுச்சின்னத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் இடம்பெறவில்லை. படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாகவே அவர்கள் நின்றார்கள். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை இந்த ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது மதிப்பிட்டது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய சான்றுகளுள் குடும்பப் புகைப்படமும் ஒன்று. அதைக் கையாளும் பொறுப்பும் அதற்கேற்ற அளவுடையது.

இதற்கு வரும் மறுப்பை அறிவேன். ‘ஒரு குடும்பம் தன் முன்னோரை நினைத்துப் பெருமைப்படுகிறது, அதில் போய் ஆய்வாளர்கள் ஏன் குற்றம் காண வேண்டும்?’ நியாயமான கேள்வி. பெருமைப்படுவதைத் தடுப்பது யாருடைய வேலையும் அன்று. ஆனால் அக்குடும்பம் கேட்டது பெருமையை அன்று, விடையை. ‘தெரியவில்லை’ என்பதும், ‘இவ்வளவு மட்டும் சொல்லலாம்’ என்பதும் விடைகளே. இன்னொன்றும் உண்டு. ஒரு படம் ஒரு நாளைத்தான் காட்டுகிறது. 1941-இல் பிரிட்டிஷ் இந்தியச் சீருடையில் நிலையத்தில் நின்றவர், அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் சிறைப்பட்டு, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருக்கலாம். சேராமல் சிறைமுகாமில் மடிந்தும் இருக்கலாம். படம் இதைச் சொல்லாது. இன்றைய அரசியல் விருப்பத்துக்கு ஏற்பப் படத்தைப் பேசவைப்பது எளிது. அந்த மனிதர் வாழ்ந்ததும் எளிதாக இருந்தது என்று பொருளில்லை.

என்ன செய்யலாம்? பல்கலைக்கழகங்களில் இருக்கும் நாம் மூன்று வேலைகளைத் தொடங்கலாம்.

முதலாவது, அடையாளம் சொல்லும் முறையில் ஒழுக்கம். பார்த்ததைத் தனியாகவும் ஊகித்ததைத் தனியாகவும் எழுத வேண்டும். ‘தோளில் இரண்டு இலக்கம், முதலாவது 6 போலத் தெரிகிறது’ என்பது பார்த்தது. ‘ஆகவே 1903-க்கும் 1922-க்கும் இடைப்பட்ட சென்னைப் பிரிவுகளுள் ஒன்றாக இருக்கக்கூடும்’ என்பது ஊகம். உறுதி, வாய்ப்புண்டு, முடிவு செய்ய இயலாது என்று தரம் பிரித்துச் சொல்வோம். சுதேச அரசுகளின் படையையும் மறக்க வேண்டாம். மைசூர், ஜோத்பூர் லான்சர்கள் 1918-இல் ஹைஃபாவில் போரிட்டவர்கள். அத்தகையோரைப் பற்றிய தாள்களைத் தேட பிகானேரிலும் பெங்களூரிலும் உள்ள மாநில ஆவணக் காப்பகங்களுக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, திரட்டல். பஞ்சாப் அரசு 1919-இல் ஊர்வாரியாகத் தொகுத்த பதிவேடுகள், சுமார் 3,20,000 பேரின் விவரங்களோடு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. புலம்பெயர்ந்த பஞ்சாபியர் அமைப்பொன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் அவற்றின் முதற்பகுதியை இணையத்தில் வைத்தன. ஊர்ப்பெயரை இட்டால் பெயரும் தந்தை பெயரும் படைப்பிரிவும் வருகின்றன. எல்லைக்கு இப்பாலுள்ள ஜலந்தர், லூதியானா குடும்பங்கள் தம் முன்னோரை எல்லைக்கு அப்பாலிருந்த ஏட்டில் கண்டன. பிரிவினையின்போது படைப்பிரிவுகளையும் பங்கிட்டார்கள். பலூச், எல்லைப்புறப் படைகள் முழுமையாகப் பாகிஸ்தானுக்குச் சென்றன. அவற்றில் பணியாற்றிய சீக்கிய, டோக்ரா குடும்பங்களுக்குத் தம் தாத்தாவின் பட்டாளம் இன்று அயல்நாட்டுப் படை. தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையவாயிலில் படைத்துறைக் கோப்புகள் ஏறிவருகின்றன. அத்துடன் மாவட்டங்களில் கிடக்கும் ஓய்வூதியப் பதிவேடுகளும் படையாளர் நல அலுவலகங்களின் பழைய ஏடுகளும் மின்னுருப் பெற வேண்டும் என நாம் கேட்க வேண்டும். செல்லரித்தபின் கேட்டுப் பயனில்லை.

மூன்றாவது, கலைக்கப்பட்ட பிரிவுகளுக்கு முதலிடம். சென்னை பயனியர், கர்நாடகக் காலாட்படைப் பிரிவுகள், 111-ஆம் மகர்கள், சமார் படைப்பிரிவு, தொழிற்படைக் கம்பெனிகள் ஆகியவற்றின் சீருடை, சின்னம், தங்கிய இடம், ஆண்டு ஆகியவற்றை ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய குறிப்பேடு இந்திய மொழிகளில் தேவை. ஒரு முதுகலை மாணவர் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டால்கூடச் சில ஆண்டுகளில் அது உருவாகிவிடும். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

இப்பதிவைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அத்தகைய படம் இருந்தால், படைப்பிரிவைத் தேடுவதற்கு முன்னால் வீட்டிலுள்ள முதியவரிடம் ஊர்ப்பெயர், அவருடைய தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, திரும்பிய ஆண்டு, கப்பலேறிய துறைமுகம், ஓய்வூதியம் வந்த அஞ்சலகம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பித்தளை எழுத்து இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் படத்தில் இருக்கும். அந்த விடைகளைச் சொல்லக்கூடியவர் இருக்கமாட்டார்.